பிரேக்கர் விழுந்ததை அறிவிக்கும் துணைக்கருவிகள்

அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது கம்பி சூடேறித் தீப்பற்றிவிடாதபடி, மனிதர் கைபடாமலே தொடர்பைத் துண்டித்து நிற்பது பிரேக்கரின் கடமை. அந்தக் கடமையை அது பிழையின்றி நிறைவேற்றிய பிறகும், காக்கப்பட்டது கம்பிதானே தவிர, அக்கம்பியின் மறுமுனையில் மின்சாரத்தை நம்பியிருந்த பண்டம் அன்று என்பதையும், துண்டிப்பு நிகழ்ந்த கணத்திலேயே அந்தப் பண்டத்துக்குப் புதிய ஆபத்து ஒன்று தொடங்கிவிடுகிறது என்பதையும் பேனல் அமைப்போரில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தடுப்பூசி மருந்துகளைச் சேமித்து வைக்கும் குளிர் அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் இருக்க வேண்டியவை. சனிக்கிழமை இரவு கம்ப்ரசரின் பிரேக்கர் விழுந்து, திங்கட்கிழமை காலையில் ஒருவர் கதவைத் திறக்கும் வரை அந்தச் செய்தி எவர் காதுக்கும் எட்டவில்லை என்றால், மோட்டாரும் கம்பியும் சேதமின்றித் தப்பியிருக்கும். குழந்தைகளுக்காக வைத்திருந்த மருந்துதான் வீணாகியிருக்கும்.

வெப்பநிலை உயர்ந்தால் ஒலிக்கும் அலாரம் இருக்கிறதே என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் உண்டு. அந்த அலாரம் அவசியமே. ஆனால் அது விளைவை அறிவிக்கும் சாதனமாகையால், நன்கு காப்பிடப்பட்ட அறையில் வெப்பம் மெல்ல மெல்ல ஏறி எல்லையைத் தொடும் வரை மௌனமாகவே இருக்கும். பிரேக்கர் பழுதால் விழுந்ததும் நிலை மாறும் ‘பழுதுத் தொடர்பு’ என்ற துணைக்கருவியோ காரணத்தை அறிவிப்பதாகையால், அது நிகழ்ந்த கணத்திலேயே குரல் கொடுக்கும். இவ்விரண்டுக்கும் இடையே கிடைக்கும் அவகாசத்தில்தான் மெக்கானிக்கை அழைக்கவும், ஜெனரேட்டரை ஓட்டவும், மருந்தை வேறிடத்துக்கு மாற்றவும் இயலும்.

ஆகவே இவ்வத்தியாயத்தில் வற்புறுத்த விரும்பும் கொள்கை ஒன்றே: துண்டிப்பது பாதுகாப்பின் முற்பாதி, துண்டித்ததைச் சொல்வது அதன் பிற்பாதி, அவ்வாறு சொல்லும் சாதனமும், தனக்கே ஒரு பழுது நேர்ந்தால் அதையும் வெளிப்படுத்தும்படி அமைந்திருக்க வேண்டும். பின்வரும் பகுதிகள் யாவும் இந்தக் கொள்கையின் விரிவே.

1. லீவரைப் பார்த்து அறியக்கூடியது

எம்.சி.சி.பி. எனப்படும் பெரிய வார்ப்புப்பெட்டிப் பிரேக்கர் பழுதால் விழும்போது, அதன் லீவர் ஆனுக்கும் ஆஃபுக்கும் நடுவே வந்து நிற்கும். அதைத் திரும்ப ஏற்ற வேண்டுமானால், முதலில் ஆஃபுக்கு அழுத்தித் தள்ளி, உள்ளே பொறி பூட்டிக்கொண்டதைக் கையால் உணர்ந்த பிறகே ஆனுக்கு உயர்த்த வேண்டும். சிறிய எம்.சி.பி.க்களில் இந்த வசதி எல்லா வகைகளிலும் கிடைப்பதில்லை. சிலவற்றில் பழுதால் விழுந்ததைக் காட்டும் சிறு வண்ணச் சாளரம் இருக்கிறது. மற்றவற்றிலோ லீவர் முழுமையாகக் கீழே விழுந்துவிடுவதால், ஒருவர் வேண்டுமென்றே நிறுத்தினாரா, அன்றி ஷார்ட் சர்க்யூட்டால் விழுந்ததா என்பதைப் பார்வையால் நிச்சயிக்க இயலாது. எதுவாயினும், லீவரும் சாளரமும் தம் எதிரே வந்து நிற்பவருக்கு மட்டுமே செய்தி சொல்லும். பூட்டிய அறையில் அவற்றின் சாட்சியத்தால் பிரயோஜனமில்லை. எட்ட இருப்பவருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே துணைத் தொடர்புகள் ஏற்பட்டன.

2. துணைத் தொடர்பும் பழுதுத் தொடர்பும்

பிரேக்கரின் பக்கவாட்டில் ஒட்டிப் பொருத்தும் இச்சிறு கருவிகள், எம்.சி.பி. வகையில் பெரும்பாலும் 9 மில்லிமீட்டர் அகலம் உடையவை. அதாவது ஒரு போல் பிரேக்கரின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி. வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகளைப் போலிருக்கும் இவற்றுள் இரண்டு வகைகள் இருப்பதையும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்தினால் அமைப்பின் நோக்கமே கெட்டுவிடும் என்பதையும் நன்கு மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, ஆக்ஸிலரி கான்டாக்ட் எனப்படும் துணைத் தொடர்பு. இது பிரேக்கரின் பிரதானத் தொடர்புகள் மூடியிருக்கின்றனவா, திறந்திருக்கின்றனவா என்பதை மட்டுமே சொல்லும். கையால் நிறுத்தினாலும் பழுதால் விழுந்தாலும் அதற்கு ஒன்றே. இரண்டாவது, அலாரம் கான்டாக்ட் எனப்படும் பழுதுத் தொடர்பு. இது கையால் ஆனும் ஆஃபும் செய்யும்போது அசையாதிருந்து, பிரேக்கர் தானாக விழுந்தால் மட்டுமே நிலை மாறும்.

டெர்மினல் எண்களைக் கொண்டும் இவற்றை இனம் பிரித்தறியலாம். சர்வதேச வழக்கப்படி துணைத் தொடர்பு 11, 12, 14 என்ற எண்களைத் தாங்கியிருக்கும். இதில் 11 பொது முனை. பழுதுத் தொடர்பு சில தயாரிப்புகளில் 95, 96, 98 என்றும், சிலவற்றில் 91, 92, 94 என்றும் எண்ணிடப்பட்டிருக்கும். மோட்டார் ஸ்டார்ட்டரின் ஓவர்லோட் ரிலேயில் 95, 96 என்ற முனைகளைக் காயிலுக்குத் தொடராகவும், 97, 98 என்பவற்றை டிரிப் விளக்குக்கும் கொடுத்துப் பழகிய எலெக்ட்ரீஷியனுக்கு, தொண்ணூறுகளில் தொடங்கும் எண் பழுதைக் குறிப்பது புதிய விஷயமாகத் தோன்றாது. 11, 95 என்று எண்ணிட்ட ஜோடி ஒன்று மூன்று நிலைகளிலும் நடந்துகொள்ளும் முறை பொதுவாக இது:

பிரேக்கர் ஆன்: 11–14 மூடியிருக்கும், 95–96 மூடியிருக்கும்.
கையால் ஆஃப்: 11–12 மூடியிருக்கும், 95–96 மூடியே இருக்கும்.
பழுதால் விழுந்தது: 11–12 மூடியிருக்கும்; 95–98 மூடும்.

அச்சிட்ட எண்ணை நம்பி ஒயர் கொடுப்பதற்கு முன், மூன்று நிலைகளிலும் மல்டிமீட்டரை வைத்துத் தொடர்ச்சியைச் சரிபார்ப்பது உத்தமம்.

3. எந்தப் பழுதை எந்தத் தொடர்பு சொல்லும்

எம்.சி.சி.பி.க்களில் இந்தப் பாகுபாடு இன்னும் நுட்பமானது. உதாரணமாக, ஷ்னைடர் தயாரிப்புகளில் ஓ.எஃப்., எஸ்.டி., எஸ்.டி.இ. என்று மூன்று வேலைகள் பிரித்து வழங்கப்படுகின்றன. ஓ.எஃப். என்பது மேலே கண்ட துணைத் தொடர்பு. எஸ்.டி. என்பது ஓவர்லோட், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றால் மட்டுமல்லாமல், ஷன்ட் டிரிப், அண்டர் வோல்டேஜ் ரிலீஸ், முகப்பிலுள்ள சோதனைப் பொத்தான் இவற்றுள் எதனால் விழுந்தாலும் நிலை மாறும். எஸ்.டி.இ. என்பதோ மின்பழுதால் விழுந்தால் மட்டுமே மாறும். இந்த வேற்றுமை நடைமுறையில் எவ்வளவு முக்கியமானது என்பது, ஷன்ட் டிரிப், அண்டர் வோல்டேஜ் ரிலீஸ் என்ற இரு துணைக்கருவிகளின் இயல்பை அறிந்தால் விளங்கும்.

ஷன்ட் டிரிப் என்பது, தன் காயிலுக்கு மின்சாரம் கொடுக்கப்பட்டால் பிரேக்கரை விழச்செய்வது. அதன் குறித்த அழுத்தத்தில் 70 முதல் 110 சதவிகிதம் வரை எந்த நிலையிலும் அது வேலை செய்ய வேண்டும் என்பது விதி. அண்டர் வோல்டேஜ் ரிலீஸ் இதற்கு நேர்மாறானது. மின்சாரம் இருக்கும் வரை பிரேக்கரை நிலைக்கவிட்டு, அழுத்தம் 70-க்கும் 35-க்கும் இடைப்பட்ட சதவிகிதத்துக்கு இறங்கும்போது அதை விழச்செய்வது. பின்னதைப் பொருத்திய ஊர்ப்புறத் தொழிற்சாலை ஒன்றில் மின்வெட்டு நேரும்போதெல்லாம் பிரேக்கர் விழும், எஸ்.டி. தொடர்பை ஹூட்டருக்குக் கொடுத்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் அது அலறும். நாள்தோறும் பொய்யாக அலறும் ஹூட்டரின் ஒயரை ஒருநாள் எவராவது கழற்றிவிடுவார் என்பதில் ஐயமில்லை. அத்தகைய இடத்தில் எஸ்.டி.இ. வகையே தகுதியானது. மற்றத் தயாரிப்பாளர்களும் இவ்விதப் பாகுபாடுகளை வெவ்வேறு பெயர்களில் வைத்திருப்பதால், கருவியோடு வரும் தாளை வாசியாமல் பெட்டியை மூடலாகாது.

4. மௌனத்தை நம்பாத அமைப்பு

ஹூட்டரை இணைக்க எளிய வழி, பழுது வந்தால் மூடும் 95–98 முனைகளின் வழியே அதற்கு மின்சாரம் கொடுப்பது. பெரும்பாலான பேனல்களில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்த அமைப்பில் ஒயர் அறுந்தாலும், ஸ்க்ரூ தளர்ந்தாலும், ஃபியூஸ் போனாலும் ஹூட்டர் மௌனமாக இருக்கும். எல்லாம் க்ஷேமமாக இருக்கும்போதும் அதே மௌனம்தான். பார்ப்பவருக்கு இவ்விரு மௌனங்களுக்கும் வேற்றுமை தெரியாது.

ஆதலால் முக்கியமான சுமைகளுக்கு, க்ஷேமமாக இருக்கையில் மூடியிருக்கும் 95–96 முனைகளையே உபயோகிக்க வேண்டும். 24 வோல்ட் டி.சி.யின் நேர்முனையிலிருந்து புறப்படும் ஒயர் முதற் பிரேக்கரின் 95–96 வழியாகவும், அதன்பின் இரண்டாவதன் 95–96 வழியாகவும், இப்படியே கடைசிப் பிரேக்கர் வரை தொடராகச் சென்று, ஒரு ரிலேயின் காயிலை அடைந்து எதிர்முனைக்குத் திரும்பட்டும். ரிலே எப்போதும் இழுத்தபடியே இருக்கும். எந்தப் பிரேக்கர் பழுதால் விழுந்தாலும், எந்த ஒயர் அறுந்தாலும், எந்த முனை தளர்ந்தாலும் ரிலே கைவிடும். கைவிடும்போது மூடும் அதன் தொடர்பு ஹூட்டரை ஒலிக்கச் செய்யும். ஒயரின் பழுதுக்காக ஒருமுறை ஓடிவருவது சிரமந்தான். பிரேக்கரின் பழுதுக்கு ஒருமுறை வராமற்போவதோ நஷ்டம்.

இந்தச் சங்கிலியைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். முதலாவது, இதே சங்கிலியின் 98 முனைகளிலிருந்து ஒவ்வொரு பிரேக்கருக்கும் தனி விளக்கு எடுக்க முயல்வோர் உண்டு. சங்கிலியில் முன்னே நிற்பது விழுந்துவிட்டால் பின்னே நிற்பவற்றின் 95-க்கு மின்சாரம் போகாது. ஆகையால் இரண்டும் விழுந்த சமயத்தில் ஒரு விளக்கு மட்டுமே எரிந்து பார்ப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். தனி விளக்கு வேண்டுமானால் இரண்டு தொடர்புகள் உள்ள கருவியை வாங்கி, விளக்குகளுக்குத் தனி வழி அமைக்க வேண்டும்.

இரண்டாவது, சங்கிலியை 230 வோல்ட் ஏ.சி.யில் அமைத்து வெகுதூரம் கொண்டுசெல்லலாகாது. நீண்ட கேபிளில் ஒயருக்கும் ஒயருக்கும் இடையே உள்ள மின்தேக்குத் தன்மையால், தொடர்பு திறந்த பிறகும் சிறிதளவு மின்னோட்டம் கசிந்து, நுண்ணிய ரிலேயைக் கைவிடாமல் பிடித்து வைத்திருக்கக்கூடும். டி.சி.யில் இந்த அபாயமில்லை.

மூன்றாவது, பழுதுத் தொடர்பு அறியாத விஷயங்களும் இருக்கின்றன. பராமரிப்புக்காக ஒருவர் கையால் நிறுத்தி, மீண்டும் போட மறந்துவிட்டால் 95–96 மூடியே இருக்கும். மேலிருந்து வரும் மின்சாரமே நின்றுவிட்டாலும், மூன்று ஃபேஸ்களில் ஒன்று போய்விட்டாலும், பிரேக்கர் விழாத வரை அந்தத் தொடர்பு மாறாது. முதற் குறைக்கு 11–12 முனைகளிலிருந்து ஒரு மஞ்சள் விளக்கும், இரண்டாவதற்கு மின்சார வரவைக் கண்காணிக்கும் ஃபேஸ் ஃபெயிலியர் ரிலே ஒன்றும் சேர்த்தாலன்றிக் குளிர் அறையின் காவல் பூர்த்தியாகாது.

5. அறிவிப்புக்கு வேண்டிய மின்சாரம்

விழுந்த பிரேக்கருக்குக் கீழேயிருந்து ஹூட்டருக்கு மின்சாரம் எடுத்தால், பிரேக்கர் விழும்போது ஹூட்டரும் உயிரிழக்கும். இது சொல்லாமலே விளங்க வேண்டிய விஷயமாயினும், பழைய பேனல்களைத் திறந்து பார்த்தால் அபூர்வமன்று. அறிவிப்புச் சுற்றுக்குத் தனியாக, பாட்டரியின் ஆதரவோடு மின்சாரம் இருக்க வேண்டும். அதன் வரவையும் ஒரு பச்சை விளக்கு இடைவிடாமல் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆளற்ற இடமானால் காவலர் அறைக்கோ, ஜி.எஸ்.எம். அலாரம் யூனிட் மூலம் பொறுப்பாளரின் தொலைபேசிக்கோ செய்தி போகும்படி செய்து, அந்த யூனிட்டின் பாட்டரியையும் பராமரிப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இதிலிருந்து மற்றோர் அபாயம் பிறக்கிறது. பிரேக்கரை நிறுத்திவிட்டோம், பேனல் செத்துவிட்டது என்று நம்பிக் கை வைப்பவருக்கு, வேறிடத்திலிருந்து வரும் அறிவிப்புச் சுற்று உயிரோடிருப்பது தெரியாது. அத்தகைய ஒயர்களுக்கு ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்து, கதவின் உட்புறத்தில் எச்சரிக்கையையும் எழுதி வைப்பது ஒரு மனித உயிரைக் காக்கும் காரியம். ஒரே துணைக்கருவியின் இரண்டு தொடர்புகளில் ஒன்றுக்கு 230 வோல்ட்டும் மற்றொன்றுக்கு 24 வோல்ட்டும் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

6. தொடர்பின் தாங்குதிறன்

துணைத் தொடர்பின் மீது 6 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அது எந்தச் சுமைக்கும் பொருந்தும் என்று கருதலாகாது. ஏ.சி.-12 என்ற வகுப்பு ஹீட்டர் முதலிய மின்தடைச் சுமைகளுக்கு உரியது. ரிலே, கான்டாக்டர், மணி ஆகியவற்றின் காயில்களுக்கு ஏ.சி.-15 என்றும், டி.சி. காயில்களுக்கு டி.சி.-13 என்றும் வகுத்திருக்கிறார்கள். நம் 50 ஹெர்ட்ஸ் ஏ.சி.யில் மின்னோட்டம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால், தொடர்பு திறக்கும்போது எழும் பொறி தானே அணைந்துவிடுகிறது, டி.சி.யில் அந்த இடைவெளி இல்லாமையால் பொறி நீண்டு தொடர்பைத் தின்றுவிடுகிறது. 230 வோல்ட் ஏ.சி.யில் பல ஆம்பியர் தாங்கும் தொடர்பு, சப்-ஸ்டேஷன்களில் வழங்கும் 110 அல்லது 220 வோல்ட் டி.சி.யில் அதில் ஒரு சிறு பங்கையே தாங்குவது இக்காரணத்தால்தான். 24 வோல்ட் டி.சி. ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடை, நேர்முனை பார்த்துத் திருப்பி இணைப்பது தொடர்பின் ஆயுளை வளர்க்கும்.

மிகக் குறைந்த மின்னோட்டமும் தொல்லை தருவதே. பி.எல்.ஸி.யின் உள்ளீடு சில மில்லி ஆம்பியரே எடுக்கும். பல ஆண்டு அசையாதிருக்கும் சாதாரணத் தொடர்பின் மேல் படியும் மெல்லிய படலத்தை இவ்வளவு சிறிய மின்னோட்டத்தால் ஊடுருவ முடியாமற்போகலாம். ஆதலால் பி.எல்.ஸி.க்குச் செல்லும் தொடர்புகளைத் தங்கமுலாம் பூசிய வகையில் கேட்டு வாங்க வேண்டும்.

7. பலவற்றின் அறிவிப்பு

பெரிய ஆலைகளிலும் சப்-ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு பிரேக்கருக்கும் ஒரு கட்டம் என்ற முறையில் அனன்ஸியேட்டர் பலகை வைப்பார்கள். பழுது வந்ததும் உரிய கட்டம் மினுக்கி, ஹூட்டர் ஒலிக்கும். ‘அக்ஸெப்ட்’ பொத்தானை அழுத்தினால் ஒலி நின்று விளக்கு நிலையாக எரியும். பழுது நீங்கிய பிறகே ‘ரீசெட்’ அதை அணைக்கும். ‘டெஸ்ட்’ பொத்தான் எல்லா விளக்குகளும் உயிரோடிருப்பதைக் காட்டும். ஒன்று விழுந்து அதன் விளைவாகப் பல விழும் இடங்களில், முதலில் விழுந்ததை வேறுபடுத்திக் காட்டும் வகையைத் தேர்வது விவேகம்.

அறிவிப்புகள் பெருகினால் அறிவு பெருகும் என்று எண்ணுவதும் பிழை. 1979 மார்ச் 28-ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, முதற் சில நிமிஷங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட அலாரங்கள் ஒலித்தன என்றும், முக்கியமற்றவற்றை அடக்கிவைக்க ஏற்பாடு ஏதும் இல்லை என்றும் அதை விசாரித்த கெமெனி கமிஷன் எடுத்துக்காட்டியது. நம் பேனல் எவ்வளவு சிறியதாயினும் இந்தப் பாடம் பொருந்தும்: உடனே ஒருவர் எழுந்து ஓட வேண்டிய பழுதுக்கு மட்டுமே ஹூட்டர், மற்றவற்றுக்கு விளக்கு போதும்.

8. பொருத்துதலும் பரிசோதனையும்

ஒரு தயாரிப்பாளரின் துணைக்கருவி மற்றொருவரின் பிரேக்கருக்குப் பொருந்தாது. ஒரே தயாரிப்பாளரின் வெவ்வேறு வரிசைகளுக்குள்ளும் பொருந்துவது நிச்சயமன்று. எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில், எத்தனை வரை பொருத்தலாம் என்பதைத் தாளில் பார்த்து, பிரேக்கரை நிறுத்திய பிறகே பொருத்த வேண்டும். பிரேக்கருக்குள் நுழையும் சிறு ஊசி சரியாகப் பதியாவிட்டால், கருவி உறுதியாக ஒட்டிக்கொண்டது போல் தோன்றினும் ஒன்றையும் அறிவிக்காது.

லீவரை ஆஃப் செய்து பார்ப்பது பழுதுத் தொடர்புக்குச் சோதனையாகாது. கையால் நிறுத்தினால் அசையாதிருப்பதே அதன் இயல்பு. எம்.சி.சி.பி.யில் முகப்பிலுள்ள டிரிப் பொத்தானை அழுத்தியும், எம்.சி.பி.யில் துணைக்கருவியின் முகத்திலேயே சோதனை லீவர் இருப்பின் அதை அசைத்தும் பார்க்க வேண்டும். எஸ்.டி.இ. வகைக்கு இந்தப் பொத்தானும் போதாது. அதற்கென்று தயாரிப்பாளர் கூறும் முறையைப் பின்பற்ற வேண்டும். அடுத்து, சங்கிலியில் ஒரு முனையை வேண்டுமென்றே கழற்றி ஹூட்டர் ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டரி மட்டும் இருக்கும் நிலையிலும் இதையே மீண்டும் செய்து, காவலர் அறையிலிருப்பவர் செய்தியைக் கேட்டதாகத் தாமே வந்து சொன்ன பிறகுதான் பரிசோதனை முடிந்ததாகக் கொள்ளலாம்.

9. செய்தி வந்த பிறகு

ஹூட்டர் ஒலித்ததும் ஓடிவந்து லீவரை மேலே தள்ளுவது, வந்த செய்தியைப் படிக்காமல் கிழித்தெறிவதாகும். சாதாரணப் பழுதுத் தொடர்பு ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் பிரித்துச் சொல்லாது. ஆயினும் விழுந்த நேரம் நமக்குத் துணை செய்யும். வீட்டு வகை எம்.சி.பி. தன் அளவில் 1.13 மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். ஆதலால் நெடுநேரம் ஓடிய பின் விழுந்தால் சுமையையும், தளர்ந்த முனையின் சூட்டையும் சந்தேகிக்கலாம். ‘சி’ வகைப் பிரேக்கர் ஐந்து முதல் பத்து மடங்கு மின்னோட்டத்தில் கணத்தில் விழுவதாகையால், போட்டவுடன் விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்டையோ, மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தையோ ஆராய வேண்டும். மெகர் வைத்துக் கேபிளின் இன்சுலேஷனைச் சோதித்து, காரணம் தெரிந்த பிறகே மீண்டும் போடலாம். சப்-ஸ்டேஷன்களில் 86 என்ற எண்ணால் குறிக்கப்படும் லாக்-அவுட் ரிலே, தன்னைக் கையால் விடுவிக்கும் வரை பிரேக்கரை மூடவிடாது. யோசிக்காமல் போடுவதைத் தடுப்பதற்கென்றே செய்த ஏற்பாடு அது.

ஒவ்வொரு அறிவிப்பையும் தேதி, நேரம், பிரேக்கரின் எண், அப்போதைய சுமை, கண்ட காரணம் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும். அதே பிரேக்கர் மாதத்துக்கு மாதம் அதே வேளையில் விழுகிறது என்பதைத் தனி ஒரு அலாரம் ஒருநாளும் சொல்லாது. அந்தக் குறிப்பேடு சொல்லும். ஆகையால் ஓர் அறிவிப்பு அமைப்பை ஒப்படைக்கும்போது, டெர்மினல் எண்கள் குறித்த வரைபடத்தோடும் பரிசோதனைத் தேதியோடும் இந்தக் குறிப்பேட்டையும் பொறுப்பாளரின் கையில் கொடுத்து, முதற் பதிவை அவர் முன்னிலையிலேயே எழுதுங்கள். அதுவரை வேலை முடிந்ததாகக் கையெழுத்திட வேண்டாம்.